பதிலை முதலில் எழுதுங்கள், பிறகு என்டர் தட்டுங்கள்: உலாவிக் கன்சோல் பற்றி ஒரு விமர்சனம்

வலைப்பக்கங்களுக்கான நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் செயற்குறிகளைக் (operators) கற்றுக்கொள்ள எதை வாங்கலாம், எந்த வகுப்பில் சேரலாம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: எதையும் வாங்க வேண்டாம். கணினியில் உலாவி இருந்தால் அதற்குள்ளேயே, ஒரு வரியைத் தட்டி உடனே விடை பார்க்கும் கன்சோல் என்ற பெட்டி இருக்கிறது. கூட்டல், கழித்தல், ஒப்பீடு, ‘மற்றும்’, ‘அல்லது’ ஆகிய அடிப்படைக் குறிகளைப் பொறுத்தவரை அதைவிட நல்ல ஆசிரியரை நான் பார்த்ததில்லை. மொழியின் மற்ற பகுதிகளுக்கு இப்படிச் சொல்ல மாட்டேன். செயற்குறிகளுக்குத் தயங்காமல் சொல்வேன்.

கணக்கு எழுதுவது என் தொழில். அளவையும் விலையையும் உள்ளிட்டால் மொத்தத்தைக் காட்டும் ஒரு சிறிய வலைப்படிவம் தேவைப்பட்டது; அதற்காகத்தான் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் வந்தேன். ஆகவே இந்த விமர்சனத்தில் எண்கள் அதிகம் வரும். விளையாட்டு நிரல் எழுதுபவருக்கு முக்கியமாகத் தோன்றும் சில குறிகளை நான் ஓரிரு வரிகளில் கடந்துவிடுவேன். கணக்கைக் கெடுக்கக்கூடிய குறிகளிடம் நின்று பேசுவேன்.

திறப்பது எளிது. விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் எஃப்12 விசையைத் தட்டினால் உருவாக்குநர் கருவிகள் திறக்கும். அதில் கன்சோல் என்ற தாவலைத் தேர்ந்தெடுக்கலாம். நேராகக் கன்சோலுக்கே போக, குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜே மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் ஜே-க்குப் பதில் கே. சஃபாரியில் அமைப்புகளுக்குப் போய் உருவாக்குநர் வசதியை முதலில் இயக்கிக்கொள்ள வேண்டும். எந்த உலாவியானாலும் வெற்றுத் தாவல் ஒன்றைத் திறந்து அதில் பழகுங்கள். வங்கிக் கணக்கோ மின்னஞ்சலோ திறந்திருக்கும் பக்கத்தில் கன்சோலைத் திறந்து பழக வேண்டாம். யாரோ அனுப்பிய வரிகளை அங்கே ஒட்டினால், அந்தப் பக்கத்தில் உங்களுக்கு உள்ள எல்லா அதிகாரத்துடனும் அவை இயங்கும். முதன்முறை எதையாவது ஒட்டப் போகும்போது குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எச்சரித்துத் தடுப்பது இதனால்தான். அந்த எச்சரிக்கையை நான் மனமார வரவேற்கிறேன். கற்பவருக்கு அது வேறொரு வகையிலும் நல்லது: ஒட்டாமல் தானே தட்டச்சு செய்தால்தான் குறிகள் விரலில் ஏறும்.

இன்று எல்லாக் கணினி உலாவிகளிலும் இது இயல்பாகவே கிடைப்பதால் இதன் அருமை பலருக்குத் தெரிவதில்லை. 2006-இல் ஃபயர்ஃபாக்ஸுக்கான நீட்சியாக ஃபயர்பக் வந்தபோதுதான், வலைப்பக்கத்தின் உள்ளேயே உட்கார்ந்து ஒரு வரியை எழுதி உடனே விடை பார்க்கும் வசதி பரவலானது. உலாவிகளே அந்த வேலையை எடுத்துக்கொண்ட பிறகு, 2017-இல் ஃபயர்பக் நிறுத்தப்பட்டது.

முதலில் கூட்டல். கன்சோலில் இந்த இரண்டு வரிகளையும் தட்டிப் பாருங்கள்:

"5" + 3
"5" - 3

முதல் வரிக்கு மேற்கோள் குறிக்குள் '53' என்று விடை வரும். இரண்டாவதற்கு மேற்கோள் இல்லாமல் 2 வரும். இந்த மேற்கோள் குறிதான் கன்சோலின் முதல் பெரிய உதவி. விடை எண்ணா, சரமா (எழுத்துகளின் தொடரா) என்பதை அது மறைப்பதே இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் + குறிக்கு இரண்டு வேலைகள்: எண்களைக் கூட்டுவது, சரங்களை ஒட்டுவது. இருபுறமும் உள்ள செயலேற்பிகளில் (குறி கையாளும் மதிப்புகளில்) ஒன்று சரமாக இருந்தாலும் ஒட்டுவதையே தேர்ந்தெடுத்துவிடும். கழித்தலுக்கு அந்த இரண்டாவது வேலை கிடையாது. அதனால் அது சரத்தை எண்ணாக மாற்றிக்கொண்டு கணக்கைச் செய்கிறது. பெருக்கலும் வகுத்தலும் அப்படியே.

வலைப்படிவம் எழுதுபவருக்கு இது வெறும் விந்தை அல்ல. உள்ளீட்டுப் பெட்டியில் பயனர் தட்டும் எதுவும், அது எண்ணுக்கான பெட்டியாகவே இருந்தாலும், மதிப்பாகக் கேட்கும்போது சரமாகத்தான் கைக்கு வருகிறது. அளவை விலையால் பெருக்கும் வரை எல்லாம் சரியாக நடக்கும். போக்குவரத்துச் செலவைக் கூட்டும் இடத்தில்தான் தொகை வெடிக்கும். மாறிகளுக்கு (மதிப்பை வைத்திருக்கும் பெட்டிகளுக்கு) தமிழில் பெயர் வைக்க ஜாவாஸ்கிரிப்ட் அனுமதிக்கிறது என்பதால் அதை அப்படியே செய்து பார்க்கலாம்:

மொத்தம் = 100
மொத்தம் += "40"

+= என்பது இருக்கும் மதிப்போடு + செய்து, விடையை அதே மாறியில் வைப்பது. விடை '10040'. நூற்று நாற்பது வரவேண்டிய இடத்தில் பத்தாயிரத்து நாற்பது. தவறு நடந்ததாக எந்தப் பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் மொழியின் விதிப்படி அது தவறே அல்ல. இதற்கு மருந்தாக, சரத்தின் முன்னால் ஒற்றைக் கூட்டல் குறியைப் போடலாம்: +"40" என்றால் 40 என்ற எண் கிடைக்கும். ஆனால் +"" என்பதையும் தட்டிப் பாருங்கள். விடை 0. அதாவது, பயனர் நிரப்பாமல் விட்ட பெட்டி, அவர் சுழியம் என்று எழுதியதைப் போல மாறிவிடும். +"40 கிலோ" என்று கொடுத்தால் ‘எண் அல்லாதது’ என்பதைக் குறிக்கும் என்ஏஎன் (NaN) வரும். நிரப்பாத பெட்டிக்கும் சுழியத்துக்கும் உள்ள வேறுபாடு கணக்கில் எவ்வளவு பெரியது என்று நான் விளக்க வேண்டியதில்லை. இதை ஒரு பாடப்புத்தகம் ஒரு பக்கம் எழுதி விளக்கும். கன்சோலில் மூன்று விசைகள் போதும்.

ஓர் இடைக்குறிப்பு: பிஎச்பி மொழியில் சரங்களை ஒட்டுவதற்குத் தனியாகப் புள்ளிக் குறி இருக்கிறது, + குறி கூட்டலுக்கே. அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு குறிக்கு ஒரு வேலை என்பது கற்பவருக்குச் செய்யும் மரியாதை.

அடுத்ததாக, கணக்கு எழுதுபவர்கள் அனைவரும் பார்க்க வேண்டிய ஒன்று. கன்சோலில் ஆயிரத்து ஐந்நூறை நம் வழக்கப்படி காற்புள்ளியுடன் தட்டுங்கள்:

1,500

விடை 500. ஆயிரத்தைக் காணவில்லை. காற்புள்ளியும் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு செயற்குறி. இடப்பக்கத்தைக் கணித்துவிட்டு, அதைக் கைவிட்டு, வலப்பக்கத்தின் மதிப்பைத் தருவது அதன் வேலை. இப்போது 1,010 என்று தட்டுங்கள். விடை 8. காற்புள்ளி முதல் 1-ஐக் கைவிட்டது. மீதமிருக்கும் 010, சுழியத்தில் தொடங்குவதால், பழைய விதிப்படி எட்டின் அடிமான எண்ணாக வாசிக்கப்பட்டது. இந்த இரண்டு விதிகளையும் நான் கன்சோலுக்கு வெளியே எந்தத் தொடக்கநிலைப் பாடத்திலும் ஒன்றாகப் பார்த்ததில்லை. தினமும் காற்புள்ளியோடு எண்களை எழுதும் ஒருவர் தன் பழக்கத்திலேயே தட்டினால் முதல் நாளே இவற்றைச் சந்தித்துவிடுவார். பெரிய எண்களைப் பிரித்துக் காட்ட விரும்பினால் அடிக்கோடு இருக்கிறது: 1_500 என்றால் 1500 கிடைக்கும். இது 2021-இல் மொழியின் தரநிலைக்குள் வந்தது. தமிழ் எண்களான ௫, ௩ ஆகியவற்றை இலக்கமாக மொழி ஏற்பதில்லை. ௫ + ௩ என்றால் தொடரமைப்புப் பிழை வரும்.

தசமம். 0.1 + 0.2 என்பதற்கு 0.30000000000000004 என்று வரும் விடை இப்போது பலரும் அறிந்ததுதான். 4.35 * 100 என்று கொடுத்துப் பாருங்கள், 434.99999999999994 வரும். இதைக் கன்சோலின் குறையாகவோ ஜாவாஸ்கிரிப்டின் குறையாகவோ சொல்வது நியாயமல்ல. ஐஈஈஈ 754 என்ற தரநிலைப்படி 64 பிட்டுகளில் எண்ணைச் சேமிக்கும் எந்த மொழியிலும் இதுதான் நடக்கும். மூன்றில் ஒரு பங்கைப் பதின்ம முறையில் முழுதாக எழுதி முடிக்க முடியாததைப் போல, பத்தில் ஒரு பங்கை இரும முறையில் முழுதாக எழுத முடியாது. 0.5 + 0.25 என்று கேட்டால் அட்சரம் பிசகாமல் 0.75 வருகிறது, ஏனென்றால் அரையும் காலும் இரும முறையில் முழுமையாக அடங்கும். இந்த இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கும்போது காரணம் தானாகவே விளங்கத் தொடங்குகிறது.

தொகைகளை நான் எப்போதும் மிகச் சிறிய நாணய அலகில் முழு எண்ணாக வைத்துக் கணக்கிட்டு, காட்டும் நேரத்தில் மட்டும் நூறால் வகுக்கிறேன். முழு எண்களுக்கும் எல்லை உண்டு: 9007199254740991 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணும் பிசகாமல் இருக்கும். 9007199254740992 + 1 என்று கேளுங்கள். கேட்ட எண்ணே மாறாமல் திரும்பி வரும். எந்தச் சிறு வணிகக் கணக்கும் அந்த எல்லையைத் தொடாது என்பதால் அதற்குமேல் நான் கவலைப்படவில்லை. அப்படிப்பட்ட எண்கள் தேவைப்படுபவர்களுக்கு 2020 முதல் பிக்இன்ட் என்ற தனி வகை இருக்கிறது.

மீதி காணும் % குறியைப் பலர் ஒற்றை இரட்டை பார்க்கப் பயன்படுத்துகிறார்கள். -7 % 3 எவ்வளவு? கன்சோல் -1 என்கிறது. மீதியின் அடையாளம் வகுபடும் எண்ணின் அடையாளத்தைப் பின்பற்றுகிறது. பைத்தான் மொழியில் இதே கேள்விக்கு 2 வரும். ஆகவே ‘இரண்டால் வகுத்தால் மீதி 1 வருகிறதா’ என்ற சோதனை எதிர்மறை ஒற்றை எண்களுக்குத் தோற்றுப்போகும். ‘மீதி சுழியம் இல்லையா’ என்று கேட்பதுதான் பாதுகாப்பானது. அடுக்குக் குறி ** 2016-இல் வந்தது. 2 ** 3 ** 2 என்பது வலமிருந்து இடமாகக் கணிக்கப்பட்டு 512 தரும். -2 ** 2 என்று எழுதினால் மொழி விடை சொல்ல மறுத்துப் பிழை காட்டி, அடைப்புக்குறி போடச் சொல்கிறது. குழப்பமான இடத்தில் ஊகிக்காமல் நின்றுவிடும் இந்தப் போக்கு + குறிக்கும் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

கன்சோலில் நான் மிகவும் மதிக்கும் வசதி ஒன்றும், கற்பவர் அணைத்து வைக்க வேண்டிய வசதி ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றேதான். 2018-இல் குரோம் 68-ஆம் பதிப்பில், நீங்கள் தட்டிக்கொண்டிருக்கும்போதே, என்டர் தட்டுவதற்கு முன்பாகவே, விடையை மங்கிய எழுத்தில் கீழே காட்டும் முன்னோட்டம் வந்தது. ஃபயர்ஃபாக்ஸிலும் இப்போது இது உண்டு. இதில் கவனிக்க வேண்டியது, முன்னோட்டம் எப்போது வருவதில்லை என்பதுதான். விலை * 2 என்று தட்டினால் வருகிறது. விலை++ என்று தட்டினால் வருவதில்லை. விலை = 300 என்பதற்கும், விலை += 50 என்பதற்கும் வருவதில்லை. காரணம், மதிப்பைப் பார்த்துச் சொல்வது மட்டும் செய்யும் கோவைகளைத்தான் (விடை தரும் நிரல் துண்டுகளைத்தான்) உலாவி முன்கூட்டியே இயக்கிப் பார்க்கும். மாறியின் மதிப்பையே மாற்றிவிடும் கோவையை உங்கள் ஆணையின்றித் தொடாது. செயற்குறிகளை ‘மதிப்பு தருபவை’, ‘மதிப்பை மாற்றுபவை’ என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியாது. பாடங்களில் இருப்பது கணிதக் குறிகள், ஒப்பீட்டுக் குறிகள், தருக்கக் குறிகள் என்ற பிரிவு. வேலையில் நமக்கு உதவுவது இந்த மற்றப் பிரிவு.

விலை++, ++விலை இரண்டின் வேறுபாடும் இங்கே நன்றாகத் தெரியும். விலை 10 என்றால், விலை++ பழைய மதிப்பான 10-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே 11 ஆக்குகிறது. ++விலை முதலில் கூட்டிவிட்டுப் புதிய மதிப்பைத் தருகிறது. தனி வரியாக எழுதும்போது இரண்டும் ஒன்றுதான். நான் இரண்டையும் விட்டுவிட்டு += 1 என்றே எழுதுகிறேன்; படிப்பவருக்கு ஐயம் வராது.

அப்படியானால் முன்னோட்டத்தை ஏன் அணைக்கச் சொல்கிறேன்? செயற்குறிகள் மனத்தில் பதிவது விடையைப் பார்ப்பதால் அல்ல, விடையை முன்கூட்டியே சொல்லிப் பார்ப்பதால். கோவையை எழுதியதும் ஒரு நோட்டில் உங்கள் விடையை எழுதுங்கள், வகையையும் சேர்த்து: எண்ணா, சரமா, உண்மை-பொய்யா. பிறகு என்டர். மங்கிய எழுத்தில் விடை முன்பே கண்ணில் பட்டுவிட்டால் இந்தப் பயிற்சி செத்துப்போகும். குரோமின் கன்சோல் அமைப்புகளில் இதை நிறுத்தும் தேர்வுப்பெட்டி இருக்கிறது. முதல் சில வாரங்களுக்கு நிறுத்தி வையுங்கள்.

இந்த முறையில் எல்லாரையும் திணறடிப்பது சமக்குறிகள். ஒற்றை = மதிப்பை இடுவது; == தளர்வான ஒப்பீடு; === கண்டிப்பான ஒப்பீடு. தளர்வான ஒப்பீடு இரு பக்கமும் வேறுவேறு வகையாக இருந்தால் மாற்றிப் பார்த்து ஒப்பிடும். இந்த மூன்றையும் முன்கணித்து எழுதுங்கள்:

"" == 0
"0" == 0
"" == "0"

முதலிரண்டும் உண்மை, மூன்றாவது பொய். இரண்டு பொருள்கள் மூன்றாவதற்குச் சமம் என்றால் அவை தமக்குள்ளும் சமம் என்று பள்ளிக் கணிதம் சொன்னது இங்கே செல்லாது. முதலிரண்டிலும் சரம் எண்ணாக மாற்றப்பட்டது. மூன்றாவதில் இருபுறமும் சரம் என்பதால் மாற்றமே நிகழவில்லை. அடுத்து, ‘மதிப்பு இல்லை’ என்பதற்கான நல் (null) என்ற மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நல் சுழியத்துக்குச் சமமா என்றால் பொய். சுழியத்தைவிடப் பெரியதா என்றால் பொய். ‘பெரியது அல்லது சமம்’ என்று >= போட்டுக் கேட்டால் உண்மை! பெரிது சிறிது பார்க்கும் குறிகள் நல்லைச் சுழியமாக மாற்றிக்கொள்கின்றன; == குறியோ அதை எண்ணாக மாற்றுவதே இல்லை, ‘இன்னும் மதிப்பு தரப்படவில்லை’ என்பதைக் குறிக்கும் அன்டிஃபைன்ட் (undefined) என்ற மதிப்புக்கு மட்டும் அதைச் சமமாக ஏற்கிறது. என்ஏஎன் இன்னும் ஒரு படி மேலே: === போட்டுக் கேட்டாலும் அது தனக்கே சமமில்லை.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பிரெண்டன் ஐக் இந்த மொழியின் முதல் வடிவத்தை 1995 மே மாதத்தில், அன்றைய உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப்பில் பத்து நாட்களில் எழுதினார். 1997-இல் வெளியான முதல் எக்மாஸ்கிரிப்ட் தரநிலையில் (ஜாவாஸ்கிரிப்டின் விதிகளை வகுக்கும் ஆவணத்தில்) === கிடையாது; 1999 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது சேர்ந்தது. அதற்குள் == குறியை நம்பி ஏராளமான பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. அதன் நடத்தையைத் திருத்தினால் அவையெல்லாம் உடையும். ஆகவே பழையதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியதை வைத்தார்கள். வலையில் எதையும் எளிதில் நீக்க முடியாது, சேர்க்கத்தான் முடியும். பிஎச்பி இந்த விஷயத்தில் துணிந்தது: 2020-இல் வந்த 8-ஆம் பதிப்பில் 0 என்ற எண்ணும் எழுத்தாலான ஒரு சொல்லும் == போட்டால் சமம் என்ற பழைய விதியை மாற்றிவிட்டார்கள். உங்கள் நிரலில் எப்போதும் === எழுதுங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை.

ஒப்பீட்டுக் குறிகளில் இன்னொரு கண்ணி. 3 > 2 > 1 என்பதற்குப் பொய் என்று விடை வரும். 3 > 2 உண்மை. பிறகு ‘உண்மை’ எண்ணாக மாறி 1 ஆகிறது. 1 > 1 பொய். ஒரு தொகை இரு எல்லைகளுக்கிடையே இருக்கிறதா என்று பார்க்க இரண்டு ஒப்பீடுகளையும் && (‘மற்றும்’) போட்டு இணைக்க வேண்டும். "10" < "9" என்பது உண்மை. இரண்டும் சரங்கள், எனவே முதல் எழுத்தான 1, 9-ஐவிடச் சிறியது. தமிழில் பெயர்ப் பட்டியல் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். "ன" < "ப" என்று கேட்டால் உண்மை என்கிறது. "ள" < "ழ" என்பதும் உண்மை. நம் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து. ழ-வுக்குப் பிறகுதான் ள. < குறி பார்ப்பது யூனிகோடு எண்களை, நெடுங்கணக்கை அல்ல. யூனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, பிறகு ல, ள, ழ, வ என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே இந்தக் குறியை நம்பித் தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்தினால் அகராதி வரிசை வராது. ஆங்கில எழுத்துகளையே எடுத்துக்காட்டும் பாடங்களில் இது ஒருபோதும் தெரியவராது. தமிழில் தட்டிக் கேட்டால்தான் வெளிவரும்.

தருக்கக் குறிகளில் பலர் எதிர்பார்க்காத ஒன்று: && குறியும் || (‘அல்லது’) குறியும் உண்மை-பொய்யைத் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; செயலேற்பிகளில் ஒன்றை அப்படியே திருப்பிக் கொடுக்கும். 2 && 4 என்றால் 4. (ஒற்றை & போட்டுவிட்டால் இரும இலக்கங்களை ஒப்பிடும் பிட்டுக் கணக்காகி 0 வரும்.) இந்த இயல்பை வைத்து ‘மதிப்பு இல்லாவிட்டால் இதை எடுத்துக்கொள்’ என்று || எழுதுவது பழைய பழக்கம். கணக்கில் இது ஆபத்து:

தள்ளுபடி = 0
தள்ளுபடி || 10
தள்ளுபடி ?? 10

|| போட்டால் 10, ?? போட்டால் 0. வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கிடையாது என்று தெளிவாகச் சுழியம் எழுதியிருந்தாலும் || அதை வெறுமையாகக் கருதிப் பத்து சதவீதம் கொடுத்துவிடும். 2020-இல் வந்த ?? குறி, நல் அல்லது அன்டிஃபைன்டாக இருந்தால் மட்டுமே மாற்று மதிப்பை எடுக்கும். ஜாவாஸ்கிரிப்டில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட குறிகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுவே. ?? குறியையும் || குறியையும் அடைப்புக்குறி இல்லாமல் ஒரே கோவையில் கலந்தால் மொழி பிழை காட்டிவிடுகிறது; அதுவும் நல்ல முடிவு.

கட்டணம் வாங்கும் ஓர் இணைய வகுப்பிலும் சேர்ந்து பார்த்தேன். செயற்குறிகளுக்கென்று நீண்ட காணொளி, இறுதியில் ஓர் அட்டவணை, அட்டவணையை மனப்பாடம் செய்து பதில் சொல்லும் தேர்வு. தேர்வில் 7 + 2 போன்ற கேள்விகளே இருந்தன. இருபுறமும் எண்களாக இருக்கும்போது எந்தக் குறியும் யாரையும் ஏமாற்றுவதில்லை. உள்ளீட்டுப் பெட்டியிலிருந்து வரும் சரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கன்சோலைத் திறந்து பார்க்கும்படியும் சொல்லவில்லை. கற்பவரின் நேரத்தை இப்படிச் செலவழிக்க வைப்பது எனக்கு வருத்தம் தந்தது.

கன்சோலுக்கும் குறைகள் உண்டு. பெரியது, அது ‘ஏன்’ என்பதைச் சொல்லாது. '53' வந்தது என்று காட்டும். + குறியின் விதியை விளக்காது. அதற்குப் பக்கத்துத் தாவலில் மொசில்லா நடத்தும் எம்டிஎன் ஆவணங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குறிக்கும் தனிப்பக்கம், குறிகளின் முன்னுரிமைக்கு முழு அட்டவணை, எல்லாம் இலவசம். ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது தமிழ் வாசகருக்குத் தடைதான். குரோமின் பிழைச் செய்திகளும் ஆங்கிலத்திலேயே வருகின்றன.

இரண்டாவது குறை, மாறியை முறைப்படி லெட் (let) என்ற சொல்லைப் போட்டு அறிவித்தால் விடை வரும் இடத்தில் அன்டிஃபைன்ட் என்று அச்சாவது. தொடக்கநிலையினர் ஏதோ தவறிவிட்டது என்று பதறுகிறார்கள். எதுவும் தவறவில்லை, அறிவிப்பு என்பது மதிப்பு தரும் கோவை அல்ல, அவ்வளவுதான். மூன்றாவது, நிரலுக்குள்ளிருந்து கன்சோலில் ஒரு சரத்தை அச்சிட்டால் மேற்கோள் குறி காணாமல் போகிறது. 53 என்று மொட்டையாக வரும். நேரடியாகத் தட்டிப் பார்ப்பதற்கும் அச்சிடுவதற்கும் உள்ள இந்த வேறுபாடு, நான் முதலில் புகழ்ந்த உதவியையே பறித்துவிடுகிறது. நிறத்தைப் பார்த்து எண்ணா சரமா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். ஆகவே பழகும்போது கோவையை நேராகத் தட்டுங்கள்.

நான்காவது, {} + [] போன்ற வரிகள். இதற்குக் கன்சோல் 0 என்கிறது; அதையே அடைப்புக்குறிக்குள் போட்டால் வேறு விடை, ஒரு சரம் வருகிறது. வரியின் தொடக்கத்தில் வரும் { குறியை ஆப்ஜெக்ட் (object) எனப்படும் மதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் நிரல்தொகுதியின் தொடக்கமாக மொழி வாசிப்பதே காரணம். இதை வைத்து ஜாவாஸ்கிரிப்டைப் பழிக்கும் பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். உண்மையான வேலையில் இப்படி ஒரு வரியை யாரும் எழுத மாட்டார்கள். கற்பவர் இதில் நேரம் செலவிட வேண்டாம்.

பக்கத்தைப் புதுப்பித்தால் வைத்திருந்த மாறிகள் எல்லாம் போய்விடும். தட்டிய வரிகள் மேல் அம்புக்குறியை அழுத்தினால் திரும்பக் கிடைக்கும் என்பதால் இது பெரிய இழப்பல்ல. நீண்ட சோதனைகளுக்கு ஃபயர்ஃபாக்ஸின் பலவரித் திருத்தி வசதியாக இருக்கிறது; இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் விடை பார்க்கலாம். ஒற்றை வரிப் பயிற்சிக்கு எனக்குக் குரோம் பிடிக்கிறது. இரண்டிலும் செயற்குறிகள் ஒரே விடையைத்தான் தரும், ஒரே தரநிலை என்பதால், விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம்.

என்னால் ஏற்க முடியாத குறை ஒன்றுதான்: கைப்பேசியில் இது இல்லை. பெரும்பாலான கைப்பேசி உலாவிகளில் கன்சோலைத் திறக்க வேண்டுமென்றால் அதை ஒரு கணினியோடு இணைத்துக் கணினியிலிருந்துதான் பார்க்க வேண்டும். கற்க விரும்பும் பலரிடம் கைப்பேசி மட்டுமே இருக்கிறது. உலாவியின் உள்ளே ஜாவாஸ்கிரிப்ட் பொறி முழுதாக இருக்கும்போது, ஒரு வரி தட்டி விடை பார்க்கும் சிறு பெட்டியை மட்டும் அவர்களிடமிருந்து மறைத்து வைத்திருப்பதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. உலாவி தயாரிப்பவர்கள் இதைச் செய்து தர வேண்டும். அதுவரை, கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்கள் எம்டிஎன் பக்கங்களில் எடுத்துக்காட்டுகளோடு வரும் ‘முயன்று பாருங்கள்’ பெட்டியைப் பயன்படுத்தலாம். அதில் மாற்றி எழுதி இயக்கிப் பார்க்க முடிகிறது, சிறிய விசைப்பலகையில் குறிகளைத் தேடித் தட்டும் பொறுமை மட்டும் வேண்டும்.